பத்து ‘இருந்தாலும்’

மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய நோட்டைத் திருடிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு லிப்ட் மெக்கானிக் படியிறங்கினார்.

அவள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் கம்பெனியிலேயே வகுப்பு. இந்த வாரம் ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வைத்துப் பத்து வாக்கியம் எழுதிக்கொண்டுபோய், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

“நம்ம ‘இருந்தாலும்’தான் அது” என்று முந்தின நாள் சாப்பிடும்போது அவளே விளக்கினாள்.

இது கூடத் தெரியாதா என்பதுபோல மெக்கானிக் தலையாட்டிவைத்தார். ஆங்கிலம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷமாக அதைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்.

காலையில் நோட்டைப் புரட்டியபோது அவருக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை: ‘மை ஹஸ்பண்ட்’. பத்து வாக்கியத்திலும் அது இருந்தது.

‘இருந்தாலும்’ என்று வந்தால் பக்கத்திலேயே ஒரு குறை இருக்குமே. பத்து ‘இருந்தாலும்’ என்றால் பத்துக் குறை. அத்தனை பேர் முன்னாலும் வாசித்துவிட்டு வரப்போகிறாள். மகளிடம் காட்டிக் கேட்கலாம்தான். கேட்டால் பதினெட்டு வருஷ மானம் கப்பலேறிவிடும்.

தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. நாள் முழுக்க டாக்டர் சீட்டைப் பார்க்கிற மனுஷன், அவருக்குத் தெரியாத ஆங்கிலமா?

“கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன் அண்ணே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

சொன்ன இடம் அப்படி. கடைக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்து, அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டார். “இப்பப் படிங்க.”

எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அர்த்தம்தான் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். என்ன எழுதியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள் என்றார்.

“எனக்குக் கோபம் வரும்னு எழுதியிருப்பா.”

கடைக்காரர் முதல் வரியில் விரலை வைத்தார். “ஆமா. ‘என் கணவருக்குக் கோபம் வரும். இருந்தாலும், சாப்பிட்ட கை காயறதுக்குள்ள அது போயிடும்.’”

மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்தது குறட்டையாகத்தான் இருக்கும் என்றார். குறட்டைதான். இருந்தாலும், அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வருகிறதாம். ஊர் லிப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டு, வீட்டுக் குழாயை ஆறு மாசமாக ஒழுகவிட்டதைச் சொன்னார். அதுவும் இருந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் அவளைக் கேலி செய்வதைச் சொன்னார். அதுவும். ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு ‘இருந்தாலும்’ வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது.

பத்தாவதை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“படிச்சு மேல வந்துட்டா என்னை மதிக்கமாட்டாளோன்னு ஒரு பயம். அதனாலதான் இந்த வயசுல படிப்பு எதுக்குன்னு தினமும் குத்திக் காட்டினேன். அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா அண்ணே?”

விரல் கடைசி வரிக்கு வந்தது. “தெரிஞ்சிருக்கு. ‘நான் படிக்கிறதைப் பார்த்து என் கணவர் பயப்படறார். இருந்தாலும், நான் ஜெயிச்சா முதல்ல கைதட்டப்போறது அவர்தான்.’”

மெக்கானிக் வீட்டுக்கு நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நோட்டைத் திருடியது, ஆங்கிலம் தெரியாதது, கடைக்காரரிடம் போனது, பத்துக் குறை, பத்து ‘இருந்தாலும்’, ஒன்றையும் விடவில்லை. இனிமேல் சனிக்கிழமை வகுப்புக்குத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்பானரோடு குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் நோட்டைத் திறந்து தான் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தாள்.

‘மழை கொட்டியும், குடையை எனக்குத் தந்துவிட்டு என் கணவர் நனைந்தபடி வந்தார்.’

‘காய்ச்சல் இருந்தும், என் கணவர் மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார்.’

பத்தும் இப்படித்தான். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வரி கூட இல்லை.

மறுநாள் வேலை விட்டதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். “இதுல எந்த வரியில அண்ணே அவரோட கோபம் இருக்கு?”

கடைக்காரர் நெளிந்தார். “எனக்கு நம்பர்தான் படிக்க வரும்மா. எழுத்து தனித்தனியா, பெருசா இருந்தாச் சொல்லிடுவேன். தெருவே எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நினைச்சிட்டிருக்கு. அவர் முகத்தை வேற பார்த்தேனா, தெரியாதுன்னு சொல்ல மனசு வரல. குறையெல்லாம் அவரே சொன்னதும்மா. நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்.”

“சரி. ‘இருந்தாலும்’னு சொல்லிட்டு அப்புறம் சொன்னீங்களே, அதெல்லாம்?”

கடைக்காரர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“அதுவா... என் வீட்டுக்காரி என்னைப் பத்தி ஒரு நாளாவது இப்படிச் சொல்லமாட்டாளான்னு நான் நினைச்சுக்கிறது.”