குழிக்குழாய்

சுகாதார இன்ஸ்பெக்டர் ராமகிருஷ்ணன் தெருமுனைக் குழாயடியில் பையை இறக்கி வைத்ததுதான் தாமதம், வேதா குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஜனம் லட்சக்கணக்கில் மலையைச் சுற்ற வருவதற்குள், ஊர்த் தண்ணீர் குடிக்க உகந்தது என்று முனிசிபல் ஆபீசுக்கு ஒரு காகிதம் வேண்டும். அதற்காகத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மெட்ராஸுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வந்திருந்தார்.

தெருமுனைக் குழாய் பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் எப்போதும் கண்ணாடி மாதிரி தண்ணீர் வரும். வருஷா வருஷம் அதில்தான் பிடிப்பார்கள். வருஷா வருஷம் காகிதமும் வந்துவிடும். கெட்டிக்கார ஆபீஸ்.

"இதுல வேணாம் சார். எங்க குழாய்ல பிடிங்க," என்றாள் வேதா.

அவர்கள் குழாய் தெருவின் கடைக்கோடியில் இருந்தது. முப்பது வீட்டுக்கு அது ஒன்றுதான். சித்திரையில் தண்ணீர் மேலே ஏறாமல் போனதும், தரையை இடுப்பளவு தோண்டி, குழாயை வெட்டிக் குழிக்குள் இறக்கியாயிற்று. திருகெல்லாம் கிடையாது, வெறும் வாய்தான். ஒட்டினாற்போல் சாக்கடை. காலையில் சப்ளை நின்றால் குழியில் கறுப்புத் தண்ணீர் ஊறிக் குழாயின் வாயை மூடும். குழாய் அதைக் கர்ரென்று உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் விடிந்ததும் குழியை மொண்டு கொட்டிவிட்டு, அதே குழாயில்தான் குடம் வைப்பார்கள்.

ஐப்பசி மழையோடு தெருவுக்குள் வாந்தியும் பேதியும் வந்தது. பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். ஜாஹிராவின் எட்டு மாதக் குழந்தை வரவில்லை.

அன்றிலிருந்து ஜாஹிரா யாரோடும் பேசுவதில்லை. இப்போதும் வேதாவின் முதுகுக்குப் பின்னால், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசில் போய்க் கேட்டதற்கு, தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் கண்டதைத் தின்றிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதப் பிள்ளை எதைக் கண்டது, எதைத் தின்றது?

ராமகிருஷ்ணன் நேரமாகிறது என்றார். ரூல் இல்லை என்றார். வேதாவோடு வந்திருந்த பெண்கள் அவருடைய சைக்கிளைச் சுற்றிக் குடங்களை வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கடைக்கோடி வரை நடந்தார்.

சப்ளை வரும் நேரம். பெண்கள் மொண்டு கொட்டியிருந்த குழிக்குள் இறங்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தார். கிருமி சாகக் குழாயின் வாயைச் சுட்டுவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டுமாம்.

"நாங்க என்னா, கொளுத்திட்டா குடிக்கிறோம்?" என்றாள் வேதா. எல்லாரும் சிரித்தார்கள். "சரி, கொளுத்துங்க. உள்ள இருக்கிறது அந்த நெருப்புக்கெல்லாம் அடங்காது."

அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பஞ்சை அணைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஏம்மா, குழாயை இப்டி இறக்கினது குத்தம்னு தெரியுமில்ல? இதுல பிடிக்கணும்னா, தோண்டினது யாருன்னு நான் எழுதணும். கேஸ் ஆவும். கோர்ட்ல வந்து நிக்கணும். யாரு தோண்டினது?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பேர் கிடைக்காவிட்டால் மனிதர் மேலே ஏறிவிடுவார். நேரே தெருமுனைக்குப் போவார். காகிதம் வந்துவிடும். குழந்தை கண்டதைத் தின்று செத்ததாகவே முடிந்துவிடும்.

பின்னால் ஒரு குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. வேதா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் விட்டுத் துழாவினாள். ஜாஹிராவின் மணிக்கட்டு அகப்பட்டது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்குங்க சார். வேதா."

"வீட்டுக்காரர் பேரு?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் அவள் அந்தப் பேரைச் சொல்லச் சொல்வாள்.

"தருமன்," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேல தண்ணி ஏறலன்னு மூணு தரம் மனு குடுத்தோம். அதையும் சேர்த்து எழுதுங்க. கோர்ட்ல நான் அதைத்தான் சொல்லப் போறேன்."

ராமகிருஷ்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கல்லுத் தரைய நீ ஒருத்தியாவா தோண்டின?"

"கடப்பாரை என்னுது சார். வேணும்னா எடுத்தாந்து காட்டறேன்."

அவர் எழுதிக்கொண்டார். மறுபடியும் பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்டார். தண்ணீர் வந்ததும் பாட்டிலை நிரப்பி மூடி, காகிதம் சுற்றி, நூல் கட்டினார். சீட்டில் 24.11.79 என்று தேதி போட்டு, கடைக்கோடிக் குழாய் என்று எழுதி ஒட்டினார். அதுவரை வேதா பிடித்த கையை விடவில்லை.

கடப்பாரை அவளுடையதுதான், அதில் பொய்யில்லை. சித்திரையில் ஜாஹிரா வந்து அதை இரவல் கேட்டாள். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு நாலு தெரு போய்த் தண்ணீர் சுமக்க முடியவில்லை அக்கா, தண்ணீரை இங்கேயே வரவைத்துவிடுகிறேன் என்றாள்.

மூன்று நாள் தோண்டினாள். மூன்று நாளும் குழந்தை வேதாவின் மடியில்தான் தூங்கியது.