எதிர்ப்பக்கம் சுற்றும் கொடி

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் அப்பாவுக்கே விஷயம் விளங்க நாலு நாள் ஆனது. அதுவரை நீங்களும் பொறுக்கத்தான் வேண்டும்.

அப்பாவுக்குக் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற தொழில். முள் போகிற திசைதான் நேர், மற்றதெல்லாம் பழுது. சின்னவள் இடது கையால் எழுதுவதும் பழுது. பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்து இரண்டு வாரமாகிறது. நோட்டில் எழுத்தைவிடக் கண்ணீர்க்கறைதான் அதிகம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள்.

அன்று காலை பால்கனித் தொட்டியில் அவரைக்கொடியைப் பார்த்தார். குச்சியில் முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. விடுவாரா? நுனியை அவிழ்த்து, நேராகச் சுற்றிவிட்டுக் கடைக்குப் போனார்.

சாயங்காலம் வந்தால், நுனி பழைய பக்கமே சுற்றியிருந்தது.

யார் வேலை என்று கேட்டார்.

"நான்தாம்ப்பா" என்றாள் பெரியவள். ஊரில் யார் குரலையும் விட்டுவைக்காத வாலு. அப்பாவின் கட்டைக்குரலிலேயே, "எல்லாம் ஒரே பக்கமா ஓடணும்" என்று பேசியும் காட்டினாள். அம்மா சிரிப்பை மறைக்க அடுப்படிக்குள் ஓடினாள்.

மறுநாளும் சுற்றினார், மறுநாளும் அவிழ்ந்தது. கேட்டால், ஆமாம் நான்தான் என்று கூசாமல் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் போன் பறிமுதல்.

"நாளைக்குக் கடை லீவு. நீ எப்படிக் கை வைக்கிறேன்னு பாக்கறேன்."

"முடிஞ்சா நகராம உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். சாப்பாடும் அங்கேயே. பெரியவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு, அவர் சுற்றிய நுனி தளர்ந்தது. மத்தியானம் குச்சியை விட்டு விலகி நின்றது. காற்று துளியும் இல்லை. ஆனாலும் நுனி மணிமுள் மாதிரி, நகர்வது தெரியாமல் நகர்ந்து வட்டம் போட்டது. எத்தனையோ கடிகாரங்களைப் பிரித்துப் போட்ட மனுஷனுக்கு, இதற்குள் எந்த ஸ்பிரிங் ஓடுகிறதென்று பிடிபடவில்லை. கண் இல்லாமல் அது குச்சியைத் தேடிப் பிடித்ததைப் பார்த்து டீயை ஆறவிட்டார். இருட்டுவதற்குள், தன் பக்கமாகவே ஒரு சுற்றுப் போட்டுவிட்டது.

பெரியவளைக் கூப்பிட்டார்.

"நீ தொடவே இல்லையாடி? அப்புறம் ஏன் நான்தான்னு சொன்னே?"

"செடி பண்ணுதுன்னு சொல்லியிருந்தா, ஒரு நாள் பூரா உக்காந்து பாத்திருப்பீங்களா?"

உள்ளே சின்னவள் வலது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கொடியைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார்; பெரியவளை ஒரு முறை முறைத்தார். பிறகு போய்த் தரையில் உட்கார்ந்து, பென்சிலை மெல்ல வாங்கிக்கொண்டு கேட்டார்:

"எந்தக் கைம்மா உனக்கு வாகா இருக்கு?"