தூக்கணாங்குருவி அனுப்பிய புகார்

“அந்தத் தூக்கணாங்குருவி சொன்னா மட்டும் உடனே சரி பண்ணிடுவே!” என்று கணவன் பொருமினான்.

விமான இருக்கைகளின் முதுகில் இருக்கும் படத்திரைகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. அந்தத் திரைகளை இயக்கும் மென்பொருள், யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தக்கூடிய பொதுச் சொத்து. இணையத்தில் வரும் புகார்களைப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே அதைப் பராமரிப்பவர்களில் அவன் மனைவியும் ஒருத்தி.

“பதினேழாம் வரிசையில படம் பாதியில நின்னுபோகுதுன்னு ஒரு மாசமாக் கத்தறேன். ‘வயரை ஒழுங்கா சொருகுங்க’ன்னே. அதையே அவன் எழுதினான், ஒரு மணி நேரத்துல சரியாயிடுச்சு!”

“நீங்க கத்தினீங்க. அவர் எப்போ நிக்குது, எப்படி நிக்குதுன்னு வரிசையா எண் போட்டு எழுதினார். கடைசில நன்றி வேற! எவ்வளவு தன்மையான மனுஷர்!”

அவள் முகத்தில் பூத்த சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு வயிறு எரிந்தது.

“ஆளைப் பார்த்திருக்கியா?”

“புனைபேர் மட்டும்தான் தெரியும்.” மடிக்கணினியில் எதையோ தட்டினாள். “இதோ, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டேன்.”

அவன் சட்டைப் பையில் கைபேசி சிணுங்கியது. திரும்பி நின்று பார்த்தான்.

‘தூக்கணாங்குருவி அவர்களே, ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு அவசியம் சாப்பிட வாருங்கள்.’

வேறு பெயரில் எழுதினாலாவது காது கொடுப்பாளே என்று அவன்தான் அந்தப் புனைபெயரைச் சூட்டிக்கொண்டிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருக்க மாட்டேன்” என்றான் கம்மிய குரலில்.

“நல்லதாப் போச்சு” என்றாள் மனைவி. “நிம்மதியா உக்காந்து பேசலாம்.”