இந்த வருஷத்து ராணி

“இந்த வருஷம் ராணி வேஷத்துக்கு நீங்க ஆளைப் பார்க்கக் கூடாது டீச்சர். குரலை மட்டும் கேட்டு எடுங்க.”

அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்த நாடக டீச்சருக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்தார்.

ஒத்திகை அறை வாசலில் ஓர் அம்மா. இதற்குமுன் பார்த்ததில்லை. நல்ல கறுப்பு. ஆஸ்பத்திரி உடுப்போடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

“என் பொண்ணும் உங்க நாடகத்துல இருக்கா டீச்சர்.”

எந்தப் பெண் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்பானேன்? நாடகக் குழுவில் கறுப்பு ஒருத்திதான். வருஷா வருஷம் அரக்கி வேஷம் கட்டுபவள். பட்டப்பெயரே அதுவாகிவிட்டது. ராணி என்றால் எப்போதும் ‘பொம்மை’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண்தான். அவள் வெள்ளை வெளேரென்று மேடையேறினால் விளக்கே தேவையில்லை.

“நான் நிறம் பார்த்து வேஷம் குடுக்கறேன்னு சொல்றீங்களா?”

“வேணும்னு செய்யறீங்கன்னு சொல்லலை. உங்களுக்கே தெரியாம நடக்குதோன்னுதான்…”

“அரக்கியோடது கட்டைக் குரலுங்க. ராணிக்கு எடுபடாது. இத்தனை வருஷமா நாடகம் போடறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்ப கேட்டுப் பார்க்கறதுல உங்களுக்கு என்ன பயம்?”

‘தன் பிள்ளைக்கு வேஷம் வாங்க எப்படியெல்லாம் பேசறாங்க!’ என்று டீச்சர் உள்ளுக்குள் பொருமினார். ஆனாலும் ரோஷம் விடவில்லை. செய்துதான் காட்டுவோமே!

மறுநாள் மேடைத் திரையை இறக்கச் சொல்லி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் வந்து, பெயர் சொல்லாமல் ஒரே வசனத்தைப் பேசினார்கள்.

ஒருத்தி கீச்சிட்டாள். ஒருத்தி ஒப்பித்தாள். ஒருத்தி பாதியில் சிரித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு குரல் வந்தது.

“கோட்டைக் கதவைத் திறங்கள். என் மக்கள் வெளியே நிற்கும்போது எனக்கு எதற்குப் பூட்டு?”

கத்தவில்லை. அடித்தொண்டையிலிருந்து நிதானமாக வந்து கூடத்தையே நிறைத்தது. டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னை மறந்து எழுந்துவிட்டார்.

“இவதான்! இவதான் ராணி! திரையைத் தூக்குங்க!”

திரை உயர்ந்தது. அரக்கி நின்றிருந்தாள்.

டீச்சர் பொத்தென்று உட்கார்ந்தார். அதே கட்டைக் குரல்! இத்தனை வருஷமும் இந்தக் குரலைக் கேட்கவே இல்லையே. முகத்தையல்லவா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

“டீச்சர்,” என்றாள் அவள் தயங்கி. “திரையை இறக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்களேன். ஆள் மாறிப் போயிருக்கப் போகுது.”

“மாறலைடா கண்ணு. நான்தான் மாறணும்.”

ஆண்டு விழாவில் அவள் கிரீடத்தோடு நடந்து வந்தாள். கடைசி வசனம் முடிந்ததும் கூடமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்வேனா என்றது. யாரோ “ராணி! ராணி!” என்று கத்த, அவளுடைய பழைய பட்டப்பெயர் அந்தச் சத்தத்தில் போன இடம் தெரியவில்லை.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். அதே அம்மா, கண்ணைத் துடைத்தபடி கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா! என் கண்ணைத் திறந்துட்டீங்க. நீங்க வந்து சண்டை போடலைன்னா நான்…”

“என் பொண்ணா?” அந்த அம்மா சிரித்தார். “அவ தோத்துட்டாளே டீச்சர். அதோ வர்றா பாருங்க, காவல்காரன் மீசையோட. நிறத்துல அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கா. ஸ்கூலுக்கும் எப்பவும் அவர்தான் வருவாரு, அதான் உங்களுக்கு என்னைத் தெரியலை.”

டீச்சர் திரும்புவதற்குள், பாதி பிய்ந்த ஒட்டு மீசையோடு ஓடி வந்த பொம்மை, அந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்:

“பார்த்தியாம்மா அவளை! நான்தான் சொன்னேனே, நீ வந்து ஒரு வார்த்தை பேசினா டீச்சர் கேட்பாங்கன்னு!”