இடப்பக்கத்துப் படம்

"தடுப்பக் கழட்டுங்க. ஒரே ஒரு போட்டோ. எடுத்ததும் திரும்ப மாட்டிடலாம்" என்றான் சூரியபிரகாஷ்.

யாரும் அசையவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், தோலை வெட்டும் பிரஸ் மெஷினைச் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள். 'கைசென்' என்று ஜப்பான்காரர் பேரில் நடத்தும் முன்னேற்ற வாரத்தின் கடைசி நாள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குழு சேர்ந்து, தங்கள் வேலையில் செய்த ஒரு முன்னேற்றத்தைச் சார்ட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். இடப்பக்கம் 'முன்பு' என்று ஒரு படம், வலப்பக்கம் 'பின்பு' என்று ஒரு படம். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேனேஜரும், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களும் பார்க்க வருவார்கள்.

இவர்கள் சார்ட்டில் வலப்பக்கம் தயார். ஃபிட்டர் தபரேஸ் பிளாஸ்டிக் தகட்டை அறுத்துச் செய்த தடுப்பு அதில் இருந்தது. தடுப்பு மூடினால்தான் பிரஸ் இறங்கும்; கை உள்ளே இருந்தால் தடுப்பு மூடாது. இடப்பக்கம் காலி. கம்பெனிகளுக்குக் காலி இடம் பிடிக்காது.

"இத மாட்டியே வருசமாவுது சார். அன்னிக்கே போட்டோ புடிச்சி வெக்கணும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" என்றான் தபரேஸ்.

"அதனாலதான் இப்ப கழட்டச் சொல்றேன்."

"கல்யாணமாகி வருசம் கழிச்சி, பொண்ணு பாக்குற போட்டோ எடுக்குற மாதிரி இருக்கு சார்."

ஜான்சன் சிரித்தான். பிரஸ் ஓட்டுகிறவன் அவன்தான். விஜயகுமாரி சிரிக்கவில்லை.

"கழட்டக் கூடாது" என்றாள்.

அவள் பிரஸ்ஸில் வேலை செய்பவள் இல்லை. வெட்டி வந்த துண்டுகளில் கறை, கீறல் பார்க்கும் செக்கிங் டேபிள் அவளுடையது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு ஆள் வேண்டும் என்று குழுவில் போட்டிருந்தார்கள்.

"மெஷின ஆஃப் பண்ணிட்டுதான் மேடம் எடுக்கப் போறோம்."

"ஆஃப் பண்ணாலும் கூடாது."

"குமாரிக்கா, எனக்கு மட்டும் ஆசையா?" என்றான் ஜான்சன். "காலைல மேனேஜர் சொன்னத நீயும்தானே கேட்ட? தடுப்பு போட்டதுலேர்ந்து பீஸ் கம்மியாப் போச்சாம். பிரயோஜனம் இருக்குன்னு காட்டு, இல்லன்னா சாயந்திரமே தூக்கிப் போடுன்னாரு. நாளைக்கு இதுக்குள்ள கைய உட்டு வேல செய்யப் போறவன் நான்."

"அவர் கேக்கறதும் நியாயம்தான்" என்றான் சூரியபிரகாஷ். "நம்ம கம்பெனில விபத்தே நடந்ததில்ல. கேட்டுல போர்டே வெச்சிருக்கு. நடக்காத ஒண்ணத் தடுத்தோம்னு எப்படிக் காட்டறது? பாத்தா பயம் வரணும். ஜான்சன் தோலப் புடிச்சிக்கிட்டு கைய உள்ள வைக்கட்டும். மேல பிரஸ் தொங்கட்டும். அந்தப் படத்த வெளிநாட்டுக்காரங்க பாத்துட்டா அப்புறம் தடுப்பு மேல யாரும் கை வைக்க முடியாது."

தபரேஸ் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பொய்யிதானே சார்?" என்றாள் விஜயகுமாரி.

"பொய் இல்ல மேடம். டெமோ."

"இங்கிலீஷ்ல சொன்னா ஆயிடுச்சா?"

சூரியபிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தான். தலைமை அலுவலகம் அவனை இந்த கைசென் வேலைக்கென்று அனுப்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முதல் குழுவே அரைச் சார்ட்டோடு நின்றால் நன்றாக இருக்காது.

"கழட்டு தோஸ்த்" என்றான் ஜான்சன். "என் கை. நானே சொல்றேன்."

தபரேஸ் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். விஜயகுமாரி நடுவில் வந்து நின்றாள்.

"தபரேஸ். எடு."

அவன் உடனே எடுத்துவிட்டான்.

சூரியபிரகாஷுக்குக் கோபம் வந்தது. "செக்கிங் டேபிள்ல உக்காந்திருக்கற உங்களுக்கு இந்த மெஷினோட என்ன சம்பந்தம்? இந்தப் படம் இல்லன்னா தடுப்பு போயிடும். நாளைக்கு ஜான்சனுக்கு ஒண்ணு ஆனா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் பகுதிப் பக்கமிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. வெளிநாட்டுக்காரர்களிடம் எதையோ சிரித்துச் சிரித்து விளக்கிக்கொண்டு வந்தார்.

"வந்துட்டாங்க" என்றான் தபரேஸ்.

விஜயகுமாரி மெஷினை விட்டு நகர்ந்தாள். ஜான்சன் அவள் பின்னாலேயே ஓடினான்.

"வேணாம்க்கா. மேனேஜர் முன்னாடி வேணாம். வாயத் தொறக்காம இருந்தாதான் வேலன்னு உனக்கு சொன்னாங்க இல்ல?"

"நான் எங்கடா வாயத் தொறக்கறேன்?"

சண்டை போடத்தான் போகிறாள் என்று நினைத்து சூரியபிரகாஷ் குறுக்கே கையை நீட்டினான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு சார்ட் அருகே போனாள்.

செக்கிங்காரர்கள் எல்லோரும் மாட்டும் வெள்ளைக் கிளவுஸை இடது கையிலிருந்து உருவி மேசையில் போட்டாள். அது துவண்டு விழுந்தது, பஞ்சு அடைத்த இரண்டு விரல்கள் மட்டும் விறைத்து நின்றன. மிச்சமிருந்த மூன்று விரல்களை 'முன்பு' என்ற எழுத்துக்குக் கீழே விரித்து வைத்தாள்.

"இப்ப புடிங்க சார் போட்டோ."