அவகாசக் கடிதம்

இருங்காட்டுக்கோட்டையில் ஞானம்மாவின் டீக்கடைக்கு இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பேராசிரியர் இளம்பரிதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் மூன்று மணி வெயில் அவர் வழுக்கையில் காசளவு மின்னுகிறது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பூமாரி, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே நிற்கிறாள். நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்களின் முதுகுவலிதான் அவருடைய ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் கொடுத்த இரண்டு வருடமும் ஓடிவிட்டது. அதில் அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது ஒரு நாள். அன்றும் குரூப் போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிட்டார். இப்போது இன்னொரு வருடம் கேட்டு எழுதிய கடிதத்தை, தொழிலாளர்கள் சார்பில் அவள் கையெழுத்துக்காக நீட்டுகிறார். "ஒரு கையெழுத்துதாம்மா. படிச்சிக்கிட்டு நிக்காதே, எனக்கு வேலை கெடக்கு." பூமாரி படிக்கிறாள். தாமதத்துக்குக் காரணம், 'தொழிலாளர்கள் நேரம் ஒதுக்கவில்லை.' அவள் உதட்டோரம் கோணுகிறது.

"எந்திரிங்க சார்."

"ஏம்மா?"

"எந்திரிங்கங்கேன்."

எழுந்துவிடுகிறார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொள்கிறாள். "நல்லா குந்திக்கினு படி பூமாரி," என்கிறாள் ஞானம்மா, டீயை ஆற்றியபடி. "நேரம் ஒதுக்கியாச்சு சார்," என்கிறாள் பூமாரி. "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நில்லுங்க." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பேராசிரியர் கால் மாற்றி நிற்கிறார், கை தானாக இடுப்புக்குப் போகிறது. பூமாரி கடைசி வரிக்கு வந்து, அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறாள்.