இரண்டு தட்டு

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பிரசன்னகுமாருக்கு ஊசியைக் கண்டால் கைகால் உதறும். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே, அங்கே 'மெஷின் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்த ஊசி போடும் ரோபோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, கறாராகச் சொல்லிவிட்டார்: "எனக்கு மெஷின் சிஸ்டர்தான் வேணும். ஆம்பளை நர்ஸ் யாரும் கிட்ட வரக்கூடாது."

அந்த வார்டில் இருந்த ஒரே ஆண் நர்ஸ், அவருடைய மருமகன் ஆதிரன். மகள் ஊசி போடுகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று நான்கு வருடமாக அவர் அவள் வீட்டுப் படியேறவில்லை.

மெஷின் சிஸ்டர் நரம்பை இரண்டு முறை மெல்லத் தட்டிவிட்டு ஊசி போடும். வலியே தெரியாது. "பொம்பளைக் கைன்னா பொம்பளைக் கைதான்" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமை பேசினார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு விபத்துக் கேஸுக்காக மெஷினை அவசரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ரத்தம் எடுக்கோணுங்க மாமா. நான் எடுக்கட்டுங்களா?" என்று ஆதிரன் கேட்டான்.

வேறு வழியில்லாமல் தலையாட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டார். நரம்பின் மேல் இரண்டு தட்டு.

"அப்பாடா, சிஸ்டர் வந்துருச்சா?"

"இல்லீங்க மாமா, நான்தான். எடுத்தாச்சுங்க."

கண்ணைத் திறந்தவர் அவன் கையையே பார்த்தார். "அது தட்டற மாதிரியே தட்டுனியே?"

"என் கையைப் பார்த்துத்தானுங்க அது படிச்சுது. மூணு மாசம் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. ஸ்டேஷனில் அதட்டிய அதே குரல் வார்டையே அதிரவைத்தது.

"எவன்டா அவன், எங்க மாப்பிள்ளை கைக்கு சிஸ்டர்னு பேர் வெச்சவன்?"